நூறிலேயே நின்ற பஸ்

ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டுத்தான் பாப்பாக்கா எதையும் தொடுவாள். இடது கை கம்பியில் ஒரு கணம் நிற்கும். பிறகுதான் வலது கை, மேஜைமேல் வயிறு திறந்து கிடக்கும் கம்ப்யூட்டருக்குள் போகும். உடம்பில் தேங்கியிருக்கும் மின்சாரம் கம்பி வழியாக இறங்கிவிடுமாம். இறங்காமல் தொட்டால் உள்ளே இருக்கும் சில்லுகள் சத்தமில்லாமல் செத்துப்போகுமாம். நல்ல பழக்கம்தான். ஆனால் காய் நறுக்கப் போகும்போதும் அவள் கம்பியைத் தொடுகிறாள். தலை வாரும்போதும் தொடுகிறாள். கணவரின் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் தைக்க உட்கார்ந்தவள்கூட, பாதியில் எழுந்து போய்த் தொட்டுவிட்டு வந்து ஊசியில் நூல் கோக்கிறாள்.

"கை தானா போகுது, நான் என்ன பண்ண? கம்பிக்கு வலிக்கவா போகுது?"

ஐம்பதை எட்டிப் பார்க்கும் பெண்ணுக்குப் பாப்பா என்று பெயர். அண்ணன் வைத்தது. சின்ன வயதில் அப்பா போய்விட, தங்கையைத் தூக்கி வளர்த்தவர் அவர். அன்று கூப்பிட ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. அவரைப் பார்த்துத் தெருவே கூப்பிட்டது. எதிர் வீட்டில் குடியிருக்கும் நானும் பாப்பாக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். மாடி வீட்டுக் குழந்தை மட்டும் 'பாப்பா பாட்டி' என்கிறது. அதற்கு அவள் கோபித்துக்கொள்வதில்லை. "ரெண்டாவது பாதியாவது மரியாதையா இருக்கே" என்று சிரிப்பாள்.

குட்டையான உருவம். மூக்கு நுனியில் வழுக்கிக்கொண்டே இருக்கும் கண்ணாடி. கொண்டையில் ஒரு சின்னத் திருப்புளி செருகியிருக்கும். ஒருநாள் அதோடு கடைத்தெருவுக்குப் போய்விட்டாள். பின்னால் வந்த ஒரு பெரியவர் பதறிப்போய், "அம்மா, தலையில ஏதோ குத்தியிருக்கு!" என்று கத்தினாராம். "குத்தலைங்க, குடியிருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்திருக்கிறாள்.

அவர்கள் வீட்டு முன்னறையில் சாப்பாட்டு மேஜை என்று ஒன்று இருந்தது. இப்போது அதில் தட்டு வைக்க இடமில்லை. ஒயர்கள், திருகாணிகள் போட்ட ஊறுகாய் மூடிகள், உதிரி விசிறிகள், பழைய பல் பிரஷ். பஸ் டிரைவரான அவள் கணவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிறார். அவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. "என் வாழ்க்கையே உக்காந்து முன்னாடி பாக்கறதுதானே" என்பார்.

கம்ப்யூட்டரோடு பாப்பாக்கா பேசுவதை நீங்கள் கேட்க வேண்டும். பிடிவாதக்காரப் பெண்ணோடு பேசுவதுபோல இருக்கும். "என்னடி, காலையிலேயே முறுக்கிக்கிறே?" "இந்தா, சூடு தணிக்கப் புதுப் பேஸ்ட் தடவியாச்சு, இன்னும் என்ன வேணும் உனக்கு?" உள்ளே பெரிதாகக் கிடக்கும் பச்சைப் பலகையிடம் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கையாகப் பேசுவாள். "பேரு மதர்போர்டு. குணமெல்லாம் மாமியார் போர்டு" என்பாள் என் காதருகே, பலகைக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

அவளுடைய வாயில் எப்போதும் இருக்கும் வார்த்தை ஒன்று உண்டு. எது கெட்டாலும், எது நின்றாலும் அதைத்தான் சொல்வாள். "ஓடும். ஓடாம எங்க போகும்?"

இவள் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. பெரிய வீதியில் அண்ணனுக்குக் கம்ப்யூட்டர் கடை இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கே பில் போடும் கவுண்டரில் உட்கார்ந்தவள். கவுண்டருக்குப் பின்னால் ஒரு கண்ணாடித் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் ரிப்பேர் அறை. மற்றவர்கள் வேலை ஓய்ந்த நேரத்தில் டீவியைப் பார்ப்பார்கள். இவள் கண்ணாடியைப் பார்த்தாள். எந்தத் திருகாணியை முதலில் கழற்றுகிறார்கள், எந்த ஒயர் எங்கே போகிறது, எதைத் தொடும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று எல்லாவற்றையும் பார்த்தாள். "மத்தவங்க பள்ளிக்கூடத்துக்குள்ள போய்ப் படிச்சாங்க. நான் ஜன்னலுக்கு வெளியே நின்னு படிச்சேன்" என்று ஒருமுறை சொன்னாள். சொல்லும்போது குரல் கொஞ்சம் கரகரத்தது. உடனே செருமிக்கொண்டு, ஃபேன் தூசி என்று விசிறிமேல் பழி போட்டாள்.

அங்கிருந்து அவள் எழுந்து வந்த கதை இந்தத் தெருவுக்கே தெரியும். ஒருநாள் கடையில் கூட்டம். ஏதோ வாங்க வந்த ஒருவர், பணத்தை நீட்டியபடி, "ஏம்மா, இங்க வாங்கின என் மிஷினும் பக்கத்து வீட்டுதும் ஒரே மாடல்தான். அவங்களோடது மட்டும் வேகமா இருக்கே, ஏன்?" என்று கேட்டிருக்கிறார். பாப்பாக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கடையின் அந்தக் கோடியிலிருந்து அண்ணனின் குரல் வந்தது.

"பாப்பா! உனக்கு என்ன தெரியும்? பில்லைப் போடு."

அதட்டல்கூட இல்லை, செல்லமாகத்தான் சொன்னார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள்.

"அவங்க சிரிச்சதுகூடப் பரவாயில்ல. நானும் சேர்ந்து சிரிச்சேன் பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கல" என்றாள் என்னிடம். அந்தப் பில்லை ஒழுங்காகப் போட்டு முடித்து, குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

அன்று மாலையே அண்ணன் வந்தார். கோபித்துக்கொண்டு வந்த குழந்தைக்குப் பொம்மை கொண்டுவருவதுபோல, கடையில் ஓரம் கட்டியிருந்த ஒரு பழைய மதர்போர்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினார். "இந்தா, விளையாடு. அலுத்துப்போச்சுன்னா வந்துடு. உன் நாற்காலியில நான் யாரையும் உக்கார வைக்கல."

அவருடைய பாசத்தில் ஒரு பொட்டுப் பொய் கிடையாது. அதனால்தான் அதை எதிர்த்து நிற்பது அவளுக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

அந்தப் பலகையை வைத்தே ஒரு முழுக் கம்ப்யூட்டரைக் கட்டுவது என்று தீர்மானித்தாள். கட்டி ஓட்டிக் காட்டிவிட்டால், வீட்டு வாசலில் 'இங்கே கம்ப்யூட்டர் பொருத்தித் தரப்படும்' என்று ஒரு பலகை மாட்டிவிடலாம். மாடி வீட்டு டீச்சர் அப்போதே சொல்லிவைத்திருந்தார்: "உங்களோடது ஒழுங்கா ஓடட்டும்கா. அடுத்தது எனக்குத்தான்." பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கி, கேபினெட் பெட்டி ஒரு இடத்தில், விசிறி ஒரு இடத்தில், பிராசசர் எனப்படும் அந்த மூளைச் சில்லு ஒரு இடத்தில் என்று சேர்த்தாள். சில்லின் வேகம் இரண்டாயிரம் என்று அதன் முதுகிலேயே அச்சிட்டிருந்தது.

முதல் தடவை பட்டனை அழுத்தியதும் திரை வெளிச்சமானது. பாப்பாக்கா கையைத் தட்டிய சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்டது; நான் ஓடிப்போனேன். உடனே அண்ணனுக்குத்தான் போன் போட்டாள்.

"அண்ணா, ஓடுது!"

"அட! வேகம் எவ்வளவு காட்டுது?"

திரையைப் பார்த்துப் படித்தாள். "ஆயிரத்து ஐந்நூறு."

"சிப் என்ன?"

"ரெண்டாயிரம்."

அந்தப் பக்கம் மெல்லச் சிரிப்பு. "கால்வாசியைக் காணோமே பாப்பா! வர்ற வழியில எங்க கொட்டிட்டே?"

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவள் முகம் சிவந்ததையும் பார்த்தேன், அடுத்து அவள் சொன்னதையும் கேட்டேன். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாண்ணா. ரெண்டாயிரம் காட்டறேன். காட்டலைன்னா திங்கக்கிழமை நானே வந்து கவுண்டர்ல உக்கார்றேன். சாகற வரைக்கும் வாயைத் திறக்காம பில் போடறேன்."

போனை வைத்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள். ஒரு நிமிடம்தான். "ஓடும். ஓடாம எங்க போகும்?" என்று எழுந்துவிட்டாள்.

முதல் சந்தேகம் சில்லை விற்றவர்மேல். மறுநாளே அதைக் கைக்குட்டையில் பொதிந்துகொண்டு அந்தக் கடைக்குப் போய்ச் சண்டை போட்டாள். கடைக்காரர் பொறுமையாக அதை வாங்கித் தன்னுடைய கம்ப்யூட்டரில் மாட்டிக் காட்டினார்.

"கண்ணால பாருங்கக்கா. ரெண்டாயிரம். இப்ப என்ன சொல்றீங்க?"

"உங்க மிஷின் பொய் சொல்லுது" என்றாள் பாப்பாக்கா.

சொல்லிவிட்டு வந்தாளே தவிர, சில்லில் குற்றமில்லை என்று புரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பிரித்தாள். துடைத்தாள். மாட்டினாள். ஆயிரத்து ஐந்நூறு. விசிறியை மாற்றினாள், ஆயிரத்து ஐந்நூறு. பலகையில் இருக்கும் வட்ட பேட்டரியை மாற்றினாள். அப்போதும் அதேதான். "என்ன கொழுப்பு பாருங்க இதுக்கு. பாட்டு மறந்துபோனவ பல்லவியையே பாடற மாதிரி!"

கடைசியில் போனை எடுத்து, இணையத்தில் கம்ப்யூட்டர் பைத்தியங்கள் கூடிப் பேசும் ஓர் இடத்தில் தன் குறையைக் கொட்டினாள். ஒருவர், 'தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்' என்று பதில் எழுதினார். அவரைப் பாப்பாக்கா திட்டியது இங்கே அச்சிடத் தகுந்ததல்ல. இன்னொருவர் உருப்படியாக எழுதினார். சில்லுக்கும் மற்ற பாகங்களுக்கும் நடுவே சேதிகள் போய்வரும் பாதைக்கு 'பஸ்' என்று பெயர். அந்தப் பஸ் நூறில் ஓடினால், சில்லு அதைப் பதினைந்தால் பெருக்கி ஆயிரத்து ஐந்நூறில் ஓடும். பஸ் நூற்று முப்பத்து மூன்றில் ஓடினால்தான் இரண்டாயிரம் வரும். உங்கள் பஸ் நூறிலேயே நிற்கிறது, அதை ஏற்றுங்கள் என்றார்.

பாப்பாக்காவுக்கு வந்த சந்தோஷத்தில் வீடே அதிர்ந்தது. "பஸ்ஸு நூறுல ஓடுதாம்! நூத்தி முப்பத்து மூணுல ஓடணுமாம்! இப்பத்தான் சொல்றான் பாவி!"

உள்ளே டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவர், பாதிப் பொத்தானோடு முன்னறைக்கு ஓடிவந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"எவன் சொன்னான்? என் பஸ் அறுபதைத் தாண்டினதே கிடையாது! டிப்போவுல யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கான்!"

"ஐயோ, உங்க பஸ் இல்லைங்க. இதுக்குள்ள இருக்கற பஸ்."

அவர் குனிந்து கேபினெட்டுக்குள் பார்த்தார். நிஜமாகவே தேடினார். "இதுக்குள்ளயா? யாரு டிரைவர்?"

"நான்தான்."

"அப்ப சரி" என்று மீதிப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் அந்தப் பஸ் ஏறவில்லை. கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும்போதே குறுக்கே புகுந்து அதன் அடிப்படை அமைப்புகளைத் திறந்து பார்த்தாள். பஸ் வேகம் என்ற வரி அங்கே இருந்தது. மற்ற வரிகள் எல்லாம் வெள்ளையாக விழித்திருக்க, அது மட்டும் சாம்பல் நிறத்தில் தூங்கியது. எந்த விசையைத் தட்டினாலும் அசையவில்லை. 'பலகையில் ஜம்பர் இருக்கும், தேடுங்கள்' என்று மறுபடியும் பதில் வந்தது. ஜம்பர் என்பது இரண்டு ஊசிகள்மேல் கவிழ்ந்திருக்கும் கடுகத்தனை கறுப்புத் தொப்பி. அதை ஓர் இடத்திலிருந்து எடுத்து அடுத்த ஊசிகள்மேல் கவிழ்த்தால் பலகையின் குணம் மாறும். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பலகை முழுக்கத் தேடினாள். கண்ணில் பட்ட தொப்பிகள் எதற்கும் பஸ்ஸோடு சம்பந்தமில்லை.

பல் பிரஷ்ஷால் அவள் பலகையைத் தூசி தட்டும்போது நான் ஒன்றைக் கவனித்தேன். ஓரத்தில் ஒரு மூலையில் ரத்தச் சொட்டுபோலச் சிவப்பாக ஏதோ பூசியிருந்தது. அந்த இடம் வந்ததும் பிரஷ் வளைந்து, விலகி, சுற்றிக்கொண்டு போனது.

"அது என்னக்கா?"

"கடை சீல். அதைத் தொடக் கூடாது."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நான்தான் வர்ற போறவங்களுக்கெல்லாம் சொல்லியிருக்கேன். சிவப்பு சீலைத் தொட்டா கியாரண்டி போயிடும்னு" என்றாள். கவுண்டரில் பேசும் அதே குரல் அது.

ஓரம் கட்டிய பலகைக்கு ஏது கியாரண்டி என்று எனக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அண்ணனும் வந்தார். வெள்ளைச் சட்டை, அகலமான மீசை, வாசலிலேயே செருப்பை ஒழுங்காக ஜோடி சேர்த்து விடும் சுபாவம். நாங்கள் எல்லோரும் முன்னறையில் இருந்தோம். திரையில் ஆயிரத்து ஐந்நூறு என்ற எண் வெட்கமில்லாமல் நின்றது. அண்ணன் அதைப் பார்த்தார். ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. செய்திருந்தால்கூடப் பரவாயில்லை, "விடு பாப்பா, நாளைக்குக் காலையில நானே வண்டியில வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று தலையைத் தடவினார்.

"இன்னும் ஞாயித்துக்கிழமை முடியல" என்று சொல்லிவிட்டு அவள் மேஜைக்கு அடியில் நுழைந்தாள், ஒயர்களை மறுபடி பார்க்க. அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. அடியில் இருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

சங்கடத்தை மறைக்க ஆண்கள் இருவரும் ஊர்க்கதை பேசத் தொடங்கினார்கள்.

"டிப்போவுல புது வண்டி குடுத்தாங்களாமே மாப்ள?"

"அதை ஏன் கேக்கறீங்க மச்சான். மேட்டுல ஏறும்போது மிதிமிதின்னு மிதிக்கறேன், அறுபதுக்கு மேல முனகக்கூட மாட்டேங்குது. என்ஜின்ல கோளாறுன்னு மெக்கானிக்கைக் கூப்பிட்டா அவன் சிரிக்கறான். வேகத்தைக் கட்டிப்போடற கருவியை உள்ள வெச்சு, கம்பி சுத்தி, சீல் அடிச்சே அனுப்பியிருக்காங்க. என்ஜினுக்கு ஒரு குறையும் இல்ல. அதை ஓட விடலை, அவ்வளவுதான்."

"நல்ல காரியம் பண்ணியிருக்காங்க" என்று அண்ணன் தொடையைத் தட்டினார். "நானும் அப்படித்தான். நம்ம கடை போர்டு ஒவ்வொண்ணையும் ஒரு படி குறைச்சுக் கட்டி, மேல சிவப்பைத் தீட்டித்தான் வெளியே விடுவேன். சூடாகாது, சாகாது, ரிப்பேர்னு திரும்பி வராது. பேர் எடுத்ததே அதுலதானே!"

மேஜைக்கு அடியில் மூக்கு உறிஞ்சும் சத்தம் நின்றது.

பாப்பாக்கா மெல்ல வெளியே வந்தாள். தலையில் ஒட்டடை. கண்ணாடி கோணலாக இருந்தது.

"சிவப்பு சீல் அதுக்கா?"

"ஆமா. பின்ன எதுக்குனு நெனச்சே?"

"கியாரண்டிக்குனு."

"கியாரண்டிக்கும்தான்" என்று சிரிக்க ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பைப் பாதியில் விட்டார். இருவர் பார்வையும் ஒரே நேரத்தில் அந்தப் பலகையின் மூலைக்குப் போனது.

"பக்கத்து வீட்டு மிஷின் ஏன் வேகமா ஓடுதுன்னு அன்னிக்கு அந்த ஆளு கேட்டாரே. அதுக்கும் இதானா பதில்?"

அண்ணன் வாட்சைத் திருகிக்கொண்டிருந்தார்.

"போன்ல கால்வாசியைக் காணோம்னு சிரிச்சியே. அப்பவே தெரியுமா உனக்கு?"

"சத்தியமா ஞாபகம் இல்ல பாப்பா. கட்டிக் கட்டியே பழகிப்போச்சு. எதைக் கட்டினேன்னே மறந்துபோச்சு."

அவர் பொய் சொல்லவில்லை. அது அவர் முகத்திலேயே தெரிந்தது. அந்த உண்மைதான் அவளை அதிகமாகச் சுட்டிருக்க வேண்டும். இத்தனை வருடம் அந்தச் சிவப்புக்குக் காவல் இருந்தவள் அவளே அல்லவா! "அதை அணைங்க" என்றாள் கணவரிடம், திரையைக் காட்டி. அவர் பாய்ந்துபோய் சுவிட்சை அணைத்தார்.

"பாப்பா, தொடாதே. சொன்னாக் கேளு. அது பழைய போர்டு, தாங்காது."

"தாங்குமா தாங்காதான்னு அதைக் கேட்டியா?"

ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு வந்து, இடது கட்டைவிரல் நகத்தை வைத்துச் சுரண்டினாள். காய்ந்த சிவப்பு செதில் செதிலாகப் பெயர்ந்தது. அடியில் ஒரு கறுப்புத் தொப்பி; அதன் பக்கத்தில், பூச்சு மறைத்திருந்த இடத்தில், இரண்டு எண்கள் பொடியெழுத்தில் அச்சாகியிருந்தன. நூறு. நூற்று முப்பத்து மூன்று. தொப்பி நூறின் மேல் உட்கார்ந்திருந்தது. அவள் இரண்டு நகங்களால் அதைக் கவ்வி இழுத்தாள். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். வந்தது. அடுத்த ஊசிகள்மேல் வைத்து அழுத்தினாள்.

"போடுங்க."

கணவர் சுவிட்சைப் போட்டார். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, "போச்சு" என்றார். பாப்பாக்கா அசையவில்லை. கோணல் கண்ணாடி வழியாக அந்தக் கறுப்பையே முறைத்துக்கொண்டிருந்தாள். அந்த முறைப்பை ஒரு மனிதர்மேல் காட்டியிருந்தால் அவர் ஊரைவிட்டே ஓடியிருப்பார்.

குருவி கத்துவதுபோல ஒரே ஒரு சத்தம். திரை விழித்தது. முதல் வரியிலேயே எண் வந்து நின்றது.

இரண்டாயிரம்.

கணவர்தான் முதலில் கத்தினார். "ஏத்தத்துல ஏறிடுச்சு மச்சான்!" பாப்பாக்கா கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். மறுபடி போட்டுக்கொண்டு எண்ணைப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

அண்ணன் எழுந்து வந்து கேபினெட்டுக்குள் கையை நீட்டி, சில்லின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "சுடுது."

"ஓடற வண்டி சுடத்தானே செய்யும்?" என்றார் டிரைவர்.

"செத்துப்போனா?"

"செத்தா நான் பாத்துக்கறேன்" என்றாள் பாப்பாக்கா. "என் மிஷின்தானே. ரிப்பேர்னு வந்தா எங்கிட்டதான் வரும். வரட்டும்."

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். திடீரென்று வயதானவராகத் தெரிந்தார். "அப்ப நாளைக்கு?"

"நாளைக்கு டீச்சருக்கு சாமான் வாங்கப் போகணும்."

"கவுண்டர்ல நான் யாரை உக்கார வைக்கறது?"

அதை அவர் முதலாளியாகக் கேட்கவில்லை. பாப்பாக்காவுக்கும் அது தெரிந்தது. அவள் கண்கள் நிறைந்தன. ஆனாலும், "யாரை வேணா வையி. ஆனா யாராவது ஏதாவது கேட்டா, அவங்களைப் பதில் சொல்ல விடு" என்றாள்.

வெளியே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அண்ணன் நெடுநேரம் அந்தத் திறந்த பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழக்கம் யாரை விட்டது? கை தானாகச் சட்டைப் பையில் நுழைந்தது. வெளியே வந்தபோது அதில் விரலளவு கண்ணாடிக் குப்பி ஒன்று இருந்தது. பெண்கள் நகத்தில் பூசும் சிவப்புச் சாயம். அத்தனை பெரிய மீசைக்காரர் இத்தனை வருடமும் சீல் வைத்தது அதைக் கொண்டுதான்.

"சரி, உன் இஷ்டம். ரெண்டாயிரத்துலயே இருக்கட்டும்" என்றார். "சீல் மட்டுமாவது வெச்சுக்கோ. திறந்து கிடந்தா யாராவது கைவெச்சுடுவாங்க பாப்பா."

பாப்பாக்கா குப்பியை வாங்கினாள். மூடியைத் திருகித் திறந்தாள். அண்ணன் பலகையை அவள் பக்கம் நகர்த்திவைத்தார். அவள் அதைத் தள்ளிவைத்துவிட்டு, அவருக்கு எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இடது கையை முழங்கால்மேல் விரித்து, சுரண்டித் தேய்ந்த அந்தக் கட்டைவிரல் நகத்திலிருந்து ஆரம்பித்தாள். நிதானமாக, ஓரம் பிசகாமல், ஒவ்வொரு விரலாகப் பூசினாள். ஊதிக்கொண்டாள். பிறகு பிரஷ்ஷை அண்ணன் கையில் திணித்து, வலது கையை அவர் முன்னால் நீட்டினாள்.